ஐம்பதாண்டுப் பொறை: கோ. சாரங்கபாணியும் சிங்கப்பூரில் தமிழின் இடமும்

சிங்கப்பூரின் தமிழ் இதழ் வரலாற்றில் 1887, 1935 என்னும் இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1887 ஜூன் 27ஆம் நாள், விக்டோரியா பேரரசியின் பொன்விழாவை ஒட்டி, சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் செய்யுள் நூல்களும் இங்கு அச்சேறின. செய்தி, தலையங்கம், வணிக நிலவரம், நகைச்சுவை உரையாடல், வாசகர் கடிதம் என ஓர் இதழுக்கு வேண்டிய உறுப்புகள் பெரும்பாலும் 'சிங்கை நேசனில்' இருந்தன. ஆயினும் 1890க்கு மேல் அது நீடிக்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் தோன்றிய தமிழ் இதழ்கள் பலவற்றின் வாழ்நாளும் ஏறத்தாழ இவ்வளவே. அவற்றை நடத்தியவர்களிடம் அறிவுக்கோ ஆர்வத்துக்கோ குறைவு இருந்ததாகச் சொல்ல இயலாது. படிக்கத் தெரிந்தோர் சிலர். அவர்களுள் காசு கொடுத்து வாங்குவோர் மிகச் சிலர். அவர்களுள்ளும் ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தோர் பலர். இத்தகைய மண்ணில் 1935 ஜூலை 6ஆம் நாள் ஒரு காசு விலையில் வெளிவந்த 'தமிழ் முரசு' மட்டும் எவ்வாறு தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது என்பது வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா.

விடையின் பெரும்பகுதி ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. கோ. சாரங்கபாணி 1903இல் திருவாரூரில் பிறந்தார். 1924இல், இருபத்தொரு வயதில், சிங்கப்பூருக்கு வந்து மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தார். கணக்கெழுதுவோர் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்வார்கள்: அன்றன்று வந்ததை அன்றன்று பதிவது, ஆண்டு முடியும்வரை கூட்டுத்தொகையைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் இருப்பது. பின்னாளில் அவர் செய்த பணிகளைப் பார்க்கும்போது, பேரேட்டின் முன் அமர்ந்திருந்த அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றது இங்கிருந்த இளைஞர்களிடையே பெரும் கிளர்ச்சியை உண்டாக்கியது. 'முன்னேற்றம்' என்னும் இதழ் அந்தக் காலகட்டத்துக்கு உரியது. சாரங்கபாணி இதழியல் பழகியது அதில்தான். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. அச்சங்கத்தின் வார வெளியீடாகத் தொடங்கிய 'தமிழ் முரசு', விரைவிலேயே சாரங்கபாணியின் முழுப் பொறுப்புக்கு வந்து, சில ஆண்டுகளுக்குள் நாளிதழாகவும் ஆனது.

'பொறுப்பு' என்ற சொல்லை இங்கே எண்ணிப் பார்த்தே எழுதினேன். 'பொறு' என்னும் வினையடியிலிருந்து தமிழில் பிறந்த சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். பொறுத்தல் என்பதன் அடிப்படைப் பொருள் சுமத்தல், தாங்குதல். பொறை என்றால் சுமை. மலைக்கும் அதுவே பெயர். சேர மன்னர்களின் பெயரில் வரும் 'இரும்பொறை' நினைவுக்கு வரலாம். சுமையை இறக்கி இளைப்பாறுவதும் மகவை ஈன்றெடுப்பதும் 'பொறையுயிர்த்தல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன. பொறுமை, பொறுப்பு ஆகிய இரண்டும் இந்த அடியிலிருந்து கிளைத்தவையே. ஆகவே தமிழ்ச் சொல்லின் வழி நின்று பார்த்தால், பொறுமை என்பது கைகட்டிக் காத்திருப்பது ஆகாது. தோளில் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். சுமை இல்லாதவனைப் பொறுமைசாலி என்று சொல்வதற்கு இம்மொழியில் வேரளவில் இடமில்லை. திருவள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலின் இல்லறவியலில் வைத்தார். ஆள்வினையுடைமையையும் இடுக்கணழியாமையையும் பொருட்பாலில் அடுத்தடுத்து வைத்தார். பிறர் செய்த பிழையைத் தாங்குவது ஒன்று; எடுத்த செயலின் சுமையைத் தாங்குவது மற்றொன்று. இன்றைய மேடைப் பேச்சுகளில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. சாரங்கபாணிக்கு இரண்டாவது மிகுதியாக வாய்த்திருந்தது. முதலாவதை அவருடைய தலையங்கங்களில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். சாதி வேற்றுமை, கள்ளுக்கடை, சமயச் சடங்குகளின் பெயரால் நடந்த மிகைகள் ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது அவருடைய எழுதுகோல் சுடும்.

நாளிதழ் என்னும் சுமை எத்தன்மையது என்பதைக் கணினிக் காலத்தவர்க்குச் சற்று விளக்க வேண்டும். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஈயத்தால் வார்த்த தனித்தனி அச்சு. அச்சுக்கோப்பவர் அறைகளாகப் பிரிக்கப்பட்ட பெட்டியின் முன் நின்று, எழுத்தைத் தலைகீழாகப் படித்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டத்தில் அடுக்குவார். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக ஐம்பத்திரண்டு வடிவங்களும் எண்களும் குறிகளும் போதும். தமிழுக்கோ உயிர்மெய் வடிவங்களும் சேர்ந்து அறைகள் பெருகிக்கொண்டே போகும். அடுக்கியதை அச்சிட்டு, மறுநாள் இதழுக்காகப் பிரித்து, மீண்டும் அறைகளில் போட வேண்டும். ஞாயிறு என்றும் திங்கள் என்றும் இல்லாமல் இவ்வேலை நடந்தாக வேண்டும். ஒரே ஒருநாள் தவறினாலும் வாசகர் கையில் இதழ் இராது. 'முரசு' பிறந்த அதே 1935ஆம் ஆண்டின் ஜனவரியில்தான் பெரியார் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார் என்பதும், அதைத் தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில்தான் ஆணையாக வெளியிட்டது என்பதும் ஒருங்கே நினைக்கத் தக்கவை. ணை, லை, னை ஆகிய சில எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றுவதற்கு நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அதற்குள் அதை முதலில் எழுதியவர் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. 'முரசு' நின்றது. மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் போர் முடிந்தபோது, தாளுக்குத் தட்டுப்பாடு, வாசகர் சிதறல், ஊழியரைத் திரட்டும் பாடு ஆகிய எல்லாவற்றையும் மீறி அது மீண்டும் வந்தது. 1960களின் முற்பகுதியில் ஒரு வேலைநிறுத்தத்தின் விளைவாக ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மறுபடியும் நின்றது, மறுபடியும் வந்தது. இதழ் வரலாற்றை எழுதுவோர் தொடக்க விழாக்களை விரிவாக எழுதுவார்கள். மீண்டும் தொடங்கிய நாள்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். உண்மையில் ஒரு நிறுவனத்தின் வலிமை தெரிவது இரண்டாவது வகை நாள்களில்தான். 'சிங்கை நேசனுக்கு' அப்படியொரு நாள் வாய்க்கவில்லை.

இதழ் ஒன்றே அவருடைய இலக்காக இருந்திருந்தால் இக்கதை இத்துடன் முடிந்திருக்கும். அவர் கண்ட பெரிய இலக்கு, ஊர் திரும்பும் கூலிகளாகவும் கணக்கப்பிள்ளைகளாகவும் எண்ணப்பட்ட ஒரு மக்கள் திரளை இம்மண்ணின் குடிகளாக, தமக்கென மொழியும் கல்வியும் உடையவர்களாக ஆக்குவது. 1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை உருவானது. 1952 முதல் தைத்திங்கள் முதல் நாளையொட்டித் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. சமயம், சாதி, பிறந்த ஊர் என்று நூறு சங்கங்களாகப் பிரிந்து கிடந்தவர்களை ஓர் அறுவடைத் திருநாளின் பெயரால் ஒரே பந்தலின் கீழ்க் கூட்டும் முயற்சி அது. அவ்வாண்டுகளில் 'முரசு' இதழில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி தொடங்கி இளையோரை எழுதத் தூண்டியது. பின்னாளில் சிங்கப்பூர் இலக்கியத்தில் பெயர் பெற்றோருள் பலர் அதில்தான் முதன்முதலில் தம் பெயரை அச்சில் கண்டனர். பள்ளிச் சிறுவர்களின் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கிய ஆசிரியருக்கு, அச்சிறுவர்கள் எழுத்தாளர்களாக வளரப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பது தெரியாமல் இருந்திருக்காது.

1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நடந்தது தனியே குறிப்பிடத் தக்கது. துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் நகராட்சியிலும் உழைத்த தமிழர்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. இந்நாட்டுக் குடிமகனாகப் பதிந்துகொண்டால் சொந்த ஊருக்குப் போய்வர முடியுமா, அங்குள்ள நிலபுலன் என்ன ஆகும், பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க வழியுண்டா என்ற ஐயம். அதற்கு மேல், படிவங்களை நிரப்பத் தெரியாமை. 'முரசு' நாள்தோறும் விளக்கி எழுதியது. சாரங்கபாணியே தொழிலாளர்களைத் தேடிச் சென்று பேசினார். படிவம் நிரப்ப ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கானோர் பதிந்துகொண்டனர். ஒரே கேள்விக்கு ஒரே விடையை ஓராயிரம் முறை, குரல் உயர்த்தாமல் சொல்வது எத்தகைய உழைப்பு என்பதை வகுப்பறையில் நின்றவர்கள் அறிவார்கள். தமிழ் இன்று சிங்கப்பூர் அரசியலமைப்பில் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக இருக்கிறது. லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. அப்பலகையின் தமிழ் வரிக்குப் பின்னால், வாக்குரிமை பெற்ற குடிகளாக அன்று பதிந்துகொண்டவர்களின் கைவிரல் மை இருக்கிறது. குடிகள் இல்லாத மொழிக்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை.

பல்கலைக்கழகக் கதைக்கு வருவோம். 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1950களில் அதில் இந்திய ஆய்வியல் துறை ஒன்று அமைக்கும் எண்ணம் எழுந்தபோது, அத்துறையில் முதன்மையாகக் கற்பிக்கப்பட வேண்டிய மொழி எது, சமஸ்கிருதமா தமிழா என்ற விவாதம் மூண்டது. கல்வி உலகில் சமஸ்கிருதத்துக்கு இருந்த மதிப்பை எண்ணினால் அத்தகைய கருத்து எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியருள் மிகப் பெரும்பாலோர் பேசியது தமிழ். அவர்களுடைய பிள்ளைகள் தோட்டப் பள்ளிகளில் படித்தது தமிழ். சாரங்கபாணி தம் இதழின் முழு வலிமையையும் இதில் இறக்கினார். எழுத்தோடு நிற்கவில்லை. துறை தமிழுக்கென அமையுமானால் அதற்கு வேண்டிய நூல்களை மக்களே வாங்கித் தருவர் என்று காட்டும் வகையில் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். பால்மரம் வெட்டுவோர், துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர், சிராங்கூன் சாலைக் கடைகளில் நின்றோர் எனப் பலரும் சிறு சிறு தொகைகளாகக் கொடுத்தனர். தாம் ஒருநாளும் நுழையப் போவதில்லை என்று தெரிந்த ஒரு நூலகத்துக்காகக் கொடுத்தனர். 1956இல் இந்திய ஆய்வியல் துறை தமிழை முதன்மையாகக் கொண்டு தொடங்கியது. இதைச் சாரங்கபாணி ஒருவரின் வெற்றியாக எழுதுவது வழக்கம். அந்த நிதிக்கு ஒரு நாள் கூலியில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்தவர்களின் பொறுமையும் அதற்குக் குறைந்ததன்று என்பேன்.

இதற்கு அடுத்து நேர்ந்ததைப் பல கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு பிரிவுகளானது. 1962இல் அவை தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. இதற்கிடையில் இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இத்தனை பாடுபட்டுப் பெற்ற துறை சில ஆண்டுகளிலேயே கடலைத் தாண்டிப் போனது! சிங்கப்பூர்த் தமிழரின் நோக்கில் இதை இழப்பு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? தமிழ் உலகின் நோக்கில் பார்த்தால் கணக்கு மாறுகிறது. அத்துறைக்குத் தலைமையேற்க 1961இல் இலங்கையிலிருந்து வந்தவர் தனிநாயகம் அடிகள். 1964இல் புது தில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவரும், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. தமிழாய்வை உலக அரங்கில் ஏற்றிய அம்மாநாட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இருக்கை தேவைப்பட்டது. அந்த இருக்கையின் கால்களில் ஒன்று சிங்கப்பூரில் கொடுக்கப்பட்ட வெள்ளிகளால் ஆனது. நட்டவர் ஒரு தோட்டத்தில் நட, மரம் மற்றொரு தோட்டத்தில் காய்ப்பது மொழிப்பணியில் அரிதன்று.

என் துறையிலிருந்து ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் ஜே.எஸ். சாண்ட்லர் என்னும் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரியாரின் தலைமையில் தொடங்கியது. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதி அதற்கு அடிமனை. முதல் தொகுதி நிறைவதற்குள் பத்தாண்டுக்கு மேல் கழிந்தது. சாண்ட்லர் பணி முடிவதைப் பார்க்கவில்லை. 1926இல் பொறுப்பேற்ற ச. வையாபுரிப் பிள்ளை 1936இல் ஆறு தொகுதிகளையும், 1939இல் பின்னிணைப்பையும் முடித்துக் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இடையில் 'இன்னும் முடியவில்லையா' என்று கேட்டவர்கள் பலர் இருந்திருப்பர். அகராதிக்காரன் அதற்குக் கோபித்துக்கொள்ள முடியாது. அடுத்த சொல்லுக்குப் போக வேண்டியதுதான். நாம் மேலே 'பொறை'யின் பொருள்களை ஒரே பத்தியில் தொகுத்துப் பார்க்க முடிந்ததும் அந்த அடுத்த சொல், அடுத்த சொல் என்ற நடையால் வந்த பயனே.

சிங்கப்பூருக்குத் திரும்பினால், துறை போன பிறகு நிலைமை எளிதாக இல்லை. தமிழ்வழிப் பள்ளிகளில் மாணவர் குறைந்தனர். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்து, 1982இல் மூடப்பட்டது. அதன் பெயர் இன்று பீட்டி சாலையிலுள்ள தமிழ்மொழி நிலையத்தில் நிலைக்கிறது. சாரங்கபாணி 1974 மார்ச் 16ஆம் நாள் மறைந்தார். தமிழ்வழிக் கல்வி முடிவுக்கு வந்ததை அவர் காணவில்லை; 1995இல் 'முரசு' சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்து நிலைபெற்றதையும் காணவில்லை. 2006இல் சிம் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி இலக்கியப் பட்டப்படிப்பு தொடங்கியபோது, 1956க்குப் பின் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 2015இல், நாட்டின் பொன்விழாவையொட்டி, ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் மின்வடிவம் பெற்றது. இதழாசிரியர்களும் கவிஞர்களும் தம் வீட்டு அலமாரிகளில் கரையானிடமிருந்து காத்து வைத்திருந்த நூல்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகச் சேகரித்து, உரிமையாளர்களின் ஒப்புதல் பெற்று, மெய்ப்புப் பார்த்துத் தேசிய நூலக வாரியத்திடம் சேர்த்தனர். 1887ஆம் ஆண்டின் 'சிங்கை நேசனையும்' இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இனி, நம் காலத்தின் சுமை. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 36.7 விழுக்காடு. 2020இல் அது 27.3 விழுக்காடு. ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2 ஆனது. இவை பதறச் செய்யும் எண்கள். புலம்பெயர் குடும்பங்களில் மூன்றாம் தலைமுறைக்குள் வீட்டுமொழி மாறிவிடுவது உலகெங்கும் காணப்படுவது. மொழிப்பெயர்வை மீட்பது பற்றி 1991இல் விரிவாக எழுதிய ஜோஷுவா ஃபிஷ்மன், அரசு அலுவலகத்திலும் ஊடகத்திலும் மொழிக்கு இடம் இருந்தாலும், பாட்டியிடமிருந்து பேரனுக்குப் போகும் வழி அடைபட்டால் மற்றவை அதை ஈடுசெய்யா என்பதை வலியுறுத்தினார். நம்மிடம் அதிகாரத்துவ இடம் இருக்கிறது. நாளிதழும் வானொலியும் தொலைக்காட்சியும் இருக்கின்றன. ஏப்ரல் மாதத்தில் நல்ல விழாக்களும் இருக்கின்றன. குறைவது இரவுச் சாப்பாட்டு மேசையில். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல்முறை மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, அது மொழியைத் தாழ்த்தும் என்று கருதிய நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அதை வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். எழுத்துத் தமிழை மட்டும் கற்ற குழந்தை யாரிடமும் அதைப் பேச முடியாது. பேச ஆளில்லாத மொழியை எந்தக் குழந்தை வைத்துக்கொள்ளும்? ஆனால் அப்பரிந்துரையின் பலனை ஐந்தாண்டுத் தேர்வு முடிவுகளைக் கொண்டு அளப்பது பேரகராதியை முதல் தொகுதியோடு தீர்ப்பிடுவது போன்றது. 2005ஆம் ஆண்டின் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் இப்போதுதான் பெற்றோராகும் வயதை எட்டியிருக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில், 'வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி' என்ற கட்டத்தை நிரப்பப் போகிறவர்கள் அவர்களே. அதற்குள் அவர்களுடைய பிள்ளைகளில் மூத்தவர்கள் பேசத் தொடங்கியிருப்பார்கள்.